பெரஹரா யானைகள் எங்கே பிறந்தன?



பெரஹரா விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய கிழமை. வகுப்பில் விலங்குகளின் இனப்பெருக்கம் பற்றிய பாடம். ஆடு 5 மாதம், மாடு 9 மாதத்துக்குச் சற்றுக் கூட, கழுதை 12 மாதம், யானை 22 மாதம் வரை என்று சினைக்காலத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம். இந்தப் பாடம் என்றால் பிள்ளைகள் வழமைபோல் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். அன்று ஒரு பிள்ளை சிரிக்காமல் கையை உயர்த்தியது. "சேர், பெரஹராவில போன யானையெல்லாம் எங்க பிறந்தது?"

ஒருவர் பின்னவல என்றார். இன்னொருவர் காட்டில் என்றார். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல், "மாளிகாவையிலதான்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் யாருக்கும் உறுதியான பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நமக்கும் முழுப் பதில் தெரியாது. அதற்குப் பிறகு தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

சுருக்கமான பதில் இதுதான். கண்டியின் நீண்ட வரலாற்றில் அநேகமாக எல்லா யானைகளும் காட்டில் பிறந்தவை, பிடித்துக் கொண்டுவரப்பட்டவை. மனிதர் வளர்ப்பில் யானை பிறப்பது நம் நாட்டில் வழக்கமான காரியமானது 1984க்குப் பிறகுதான். அதுவரை அந்த யானைகளைப் பிடித்த கைகளில் நமது சமூகத்தவரின் கைகளும் இருந்தன.

முதலில் மாட்டிலிருந்து தொடங்குவோம். கண்டி மன்னர் காலத்தில் முஸ்லிம்கள் செய்த பெரிய பணிகளில் ஒன்று 'மடிகே' எனப்பட்ட பொதிமாட்டுப் பிரிவு. கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின. மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே இறங்கின. வண்டிப் பாதை இல்லாத நாட்டில் எல்லாவற்றையும் சுமந்தது தாவளம் போன மாடுதான். 'மடிகே' என்ற சொல் இன்றும் நம் பக்கத்துச் சில ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மாட்டுக்குப் பிறப்புப் பிரச்சினை கிடையாது. ஒன்று கிழடானால் பட்டியில் இன்னொரு கன்று நிற்கும். பசு வருடத்துக்கொரு கன்று போடக்கூடியது. மூன்று, நாலு வருடத்தில் அந்தக் கன்று பொதி சுமக்கும்.

யானையின் கணக்கு அப்படியல்ல. பெண் யானை முதற்குட்டி போடவே பன்னிரண்டு, பதினைந்து வயதாகும். வயிற்றில் ஏறத்தாழ இரண்டு வருடம். பிறகு பால் கொடுத்து வளர்க்கும் காலம். அடுத்த குட்டிக்கு நாலு, ஐந்து வருட இடைவெளி. பிறந்த குட்டி வேலைக்கு வரும் வயதை அடைய இன்னும் பத்துப் பதினைந்து வருடம். ஒரு மன்னன் தன் பந்தியில் ஒரு பெண் யானையைச் சினையாக்கி, அதன் பிள்ளை ஊர்வலத்தில் போவதைப் பார்க்க நினைத்தால் ஆட்சிக் காலத்தில் பாதி போய்விடும். காட்டிலோ வளர்ந்த யானை தயாராக நின்றது. ஆகவே யாரும் காத்திருக்கவில்லை. பிடித்தார்கள்.

எப்படிப் பிடித்தார்கள் என்பதை நேரில் கண்டு எழுதியவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டு, இரண்டாம் இராஜசிங்க மன்னனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடம் கைதியாக வாழ்ந்தவர். 1679இல் தப்பினார். 1681இல் இலண்டனில் அவரது நூல் அச்சானது. பெண் யானைகளைக் காட்டுக்குள் கொண்டுபோய் விடுவார்களாம். அவற்றைக் கண்ட கொம்பன் யானை விட்டுப் பிரியாமல் பின்னாலேயே வருமாம். காடு கடந்து, வயல் கடந்து, ஊர்த் தெருவுக்குள்ளேயே வந்துவிடுமாம். அங்கே வைத்துக் கட்டிப்போடுவார்கள்.

அதாவது, இனப்பெருக்கத்தின் முதற்பாதியை நம் நாட்டவர் நூற்றாண்டுகளுக்கு முன்பே நன்றாக அறிந்திருந்தார்கள். ஆண் யானை பெண் யானையைத் தேடி வரும் என்ற அறிவைத் தூண்டிலாகவே பயன்படுத்தினார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு குட்டி பிறக்க விடலாம் என்ற மறுபாதிக்குத்தான் அவசியம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை யானைகளில் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. ஆண்களிலும் மிகச் சிலவற்றுக்கே உண்டு. கொம்பு இல்லாத ஆணை நாம் அலியன் என்கிறோம். மன்னர்கள் விரும்பியது கொம்பனை. பின்னர் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் விரும்பியதும் கொம்பனை. பார்த்துப் பார்த்துக் கொம்பனையே காட்டிலிருந்து எடுத்தால், அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாவது யார்? எஞ்சி நிற்கும் அலியன்தான். தகப்பனின் இயல்பு பிள்ளைக்குப் போகும். இன்று நம் காடுகளில் கொம்பன் அருமையாகிப் போனதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். ஊர்வலத்துக்கு ஒரு நல்ல கொம்பன் கிடைக்கவில்லை என்று இன்று கவலைப்படும்போது, முந்நூறு நானூறு வருடத்துக்கு முன் தொடங்கிய கணக்கு ஒன்றின் மிச்சத்தைத்தான் நாம் பார்க்கிறோம்.

இனி நம்மவர்களின் பங்கு.

போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். 1626இல் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது நம்மில் பலரும் அறிந்த செய்தி. அந்தக் கிழக்குக் கரைக்கும் கண்டிக்கும் இடையில் பெரும் காடு. அந்தக் காட்டில் யானை. அந்த யானையைப் பிடிப்பதில் பேர்போனவர்கள் ஏறாவூர் உட்பட அப்பகுதி ஊர்களின் முஸ்லிம் பணிக்கர்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தன் இலங்கை பற்றிய நூலில் இந்தப் பணிக்கர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் உள்ள முஸ்லிம் கிராமத்தவர்கள், இந்திய அரசர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக யானை பிடிப்பவர்கள் என்கிறார். துப்பாக்கி இல்லை, ஈட்டி இல்லை. இரண்டு பேர், மரை அல்லது எருமைத் தோலில் முறுக்கிய ஒரு கயிறு. கால்தடத்தைப் பார்த்தே யானையைத் தொடர்ந்து போய், பின்னாலிருந்து பதுங்கி, பின்னங்காலில் சுருக்குப் போட்டு, மரத்தில் சுற்றிக் கட்டுவார்கள். கொஞ்சம் பிசகினால் உயிர் போகும்.

அந்தப் பணிக்கர் மரபில் வந்தவர்தான் ஏறாவூர் உமறு லெப்பைப் பணிக்கர். அவர் பிடித்த ஒரு கொம்பனின் பெயர் இலங்கை முழுவதும் தெரியும். ராஜா.

ராஜா பிறந்தது 1913 அளவில், ஏறாவூர்க் காட்டில். ஒரு கண்டியப் பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்து, 1937இல் தலதா மாளிகைக்குக் காணிக்கையாகக் கொடுக்கப்பட்டது. 1950 தொடக்கம் முப்பத்தேழு வருடமளவில் புனிதப் பேழையைச் சுமந்தது. பேழை சுமக்கும் யானை நின்றால் நான்கு கால், துதிக்கை, வால், ஆணுறுப்பு ஆகிய ஏழும் நிலம் தொட வேண்டும் என்பது பழைய இலட்சணக் கணக்கு. ராஜா அப்படிப்பட்ட யானை என்றார்கள். 1986இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன அதைத் தேசியச் சொத்தாகப் பிரகடனம் செய்தார். 1988 ஜூலை 16இல் அது இறந்தபோது நாடே துக்கம் காத்தது. பதப்படுத்திய உடலை இன்றும் மாளிகை வளவிலுள்ள நூதனசாலையில் பார்க்கலாம். அங்கே நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இந்த யானையைக் கண்டிக்குத் தந்தவர் ஒரு முஸ்லிம் பணிக்கர் என்று சொல்லிக் கொடுங்கள். அது பொய்யான பெருமையல்ல. பௌத்தர்களின் ஆகப் புனிதமான ஊர்வலத்தின் நடுவில் நம் மக்களின் உழைப்பும் இருந்திருக்கிறது.

ஆனால் வரலாற்றை எழுதும்போது பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ராஜாவுக்கும் ஒரு தாய் இருந்தது. அது பிடிபட்டது பன்னிரண்டு வயதளவில் என்கிறார்கள். தாயின் கூட்டத்திலிருந்து ஆண் யானை மெல்ல மெல்லப் பிரிந்து போகத் தொடங்கும் பருவம் அது. இன்னும் சில வருடத்தில் தகப்பனாகியிருக்க வேண்டிய யானை.

'வளர்ப்பு யானை குட்டி போடாது' என்று பழைய பாகர்கள் பலர் நம்பியிருந்தார்கள். ஏன் போடவில்லை? அந்த யானைக்கு இயலாமை இல்லை. அதை நாம் வைத்திருந்த முறையில்தான் பிழை.

பெண் யானைக்கு இனப்பெருக்கச் சுற்று ஒன்று முடிய 14 முதல் 16 கிழமை வரை ஆகும். வருடத்துக்கு மூன்று, கூடினால் நான்கு சுற்று. அதிலும் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் சிலவே. மாட்டைப் போல வெளியில் பார்த்து மனிதன் இலகுவில் கண்டுபிடிக்க முடியாது. ஆண் யானைக்குத் தெரியும். பெண்ணின் சிறுநீரைத் துதிக்கை நுனியால் தொட்டு, வாயின் மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பில் வைத்துப் பார்க்கும். அந்தச் சிறுநீரில் நாளைக் காட்டிக்கொடுக்கும் வாசனைப் பொருளை 1996இல்தான் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். அதே இரசாயனப் பொருளைத்தான் பலவகை அந்துப்பூச்சிகளின் பெண்ணும் ஆணை அழைக்கப் பயன்படுத்துகிறது. விளக்கைச் சுற்றும் பூச்சிக்கும் காட்டை அசைக்கும் யானைக்கும் ஒரே வாசனை. ஸுப்ஹானல்லாஹ்.

இனி ஆணின் பக்கம். வளர்ந்த ஆண் யானைக்கு வருடத்தில் ஒரு காலம் மதம் பிடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள சுரப்பியிலிருந்து மதநீர் வடியும். உடலில் ஆண் ஹோர்மோன் பல மடங்கு ஏறும். காட்டில் அந்தக் காலத்தில்தான் அது பெண் கூட்டங்களைத் தேடி நெடுந்தூரம் நடக்கும். மற்ற ஆண்கள் ஒதுங்கி வழிவிடும். மதம் நோயல்ல, பைத்தியமும் அல்ல. தகப்பனாகும் பருவம். ஆனால் பாகனுக்கு அது உயிராபத்து. ஆகவே மதம் பிடித்தவுடன் தனியே கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டி, தீனியைக் குறைத்து, அது இறங்கும்வரை விட்டுவைப்பார்கள். பெண்ணை நெருங்க வேண்டிய அதே காலத்தில் ஆண் கட்டில் நிற்கும்.

அதற்கு மேல் நமது ஊர்களில் யானை வளர்த்த முறை. ஒரு வீட்டில் ஒன்று. ஒரு விகாரையில் ஒன்று, இரண்டு. ஆண் ஓர் ஊரில், பெண் வேறோர் ஊரில். பெண் சினையானால் உரிமையாளருக்கு நட்டம். மரம் இழுக்க முடியாது. பிறகு குட்டியோடு ஒன்றிரண்டு வருடம் வேலை குறையும். யானை வைத்திருந்தவர் அதை விரும்பவில்லை. இப்படி இருபத்தைந்து, முப்பது வயதுவரை கருத்தரிக்காமல் போன பெண் யானைக்குப் பிறகு கருத்தரிப்பதே கடினமாகிவிடுகிறது என்று இன்றைய மிருக வைத்தியர்கள் சொல்கிறார்கள். வயது போகப் போக முதற்பிரசவமும் ஆபத்தானது.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், ஆங்கிலேயர் காலத்தில் நடந்தது எவ்வளவு பெரிய அழிவு என்பதும் புரியும். 1815இல் கண்டி விழுந்தது. கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. மன்னர் காலத்தில் யானை அரசனின் சொத்து, யாரும் தொட முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் யானையைச் சுட்டால் சன்மானம். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்குள் 3,500க்கு மேல் யானைகளுக்குச் சன்மானம் கொடுக்கப்பட்டதாக டெனன்ட் எழுதுகிறார். தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை இன்னுமொரு 2,000.

வகுப்பில் இதை ஒரு கணக்காகச் செய்து பார்த்தோம். ஒரு தாய்க்கு ஐந்து வருடத்தில் ஒரு குட்டி. மூன்று வருடத்தில் 3,500 குட்டி பிறக்க எத்தனை தாய் வேண்டும்? விடை ஏறத்தாழ 5,800. 2011இல் வனஜீவராசிகள் திணைக்களம் எடுத்த கணக்கெடுப்பில், ஆண், பெண், குட்டி எல்லாம் சேர்த்து இலங்கை முழுவதும் கண்ட காட்டு யானைகள் 5,879. அதாவது 2011இல் கண்ட அந்த யானை எல்லாமே பெற்றெடுக்கும் வயதுத் தாயாக இருந்திருந்தாலும், அந்த மூன்று வருட இழப்பை மூன்று வருடத்தில் மட்டுமட்டாகத்தான் ஈடுசெய்திருக்கலாம். கணக்கை முடித்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. கூட்டத்தோடு துரத்தி அடைத்துப் பிடிக்கும் 'கொப்பம்' கடைசியாக நடந்தது 1950இல், பனாமுரையில். அங்கே ஒரு கொம்பன் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. அதோடு அந்த வழி மூடப்பட்டது. பணிக்கர்களின் தொழிலும் ஒரு தலைமுறைக்குள் ஓய்ந்தது. காட்டிலிருந்து எடுக்கும் வழி இல்லையென்றான பிறகுதான் பிறக்க விடுவது பற்றி நாடு யோசிக்கத் தொடங்கியது.

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் மாவனல்லையைத் தாண்டி, கேகாலைக்கு முன் கரண்டுபனையில் திரும்பினால் பின்னவல. மகா ஓயாக் கரையில் 25 ஏக்கர் தென்னந்தோட்டம். 1975இல் வனஜீவராசிகள் திணைக்களம் தாயை இழந்த ஐந்து குட்டிகளோடு அங்கே அனாதை இல்லத்தைத் தொடங்கியது. 1978இல் அது தேசிய மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின் கீழ் வந்தது. இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது 1982இல்.

1984 ஜூலை 5ஆம் திகதி அங்கே ஒரு பெண் குட்டி பிறந்தது. பெயர் சுகுமாலி. தாய் குமாரிக்கு 20 வயது. தகப்பன் விஜயவுக்கு 21. அதே சோடிக்கு 1989இலும் 1993இலும் இன்னும் இரண்டு குட்டிகள் பிறந்தன. இடைவெளியைப் பாருங்கள். ஐந்து வருடம், அடுத்து நாலு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. காட்டில் தாய் யானை கடைப்பிடிக்கும் அதே கணக்கு. 1990களின் முடிவுக்குள் அங்கே பிறந்தவற்றின் பிள்ளைகளும் பிறக்கத் தொடங்கிவிட்டன.

பின்னவலயில் பெரிய இயந்திரமோ இரகசிய மருந்தோ இருக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் கூட்டமாக வாழ்ந்தன. பகலில் திறந்த வெளியில் மேய்ந்தன. நாளுக்கு இரண்டு தடவை ஆற்றில் ஒன்றாகக் குளித்தன. பெண்கள் சிறுவயதிலிருந்தே ஒன்றையொன்று அறிந்து வளர்ந்தன. குட்டி பிறக்கும்போது அனுபவமுள்ள மற்றப் பெண்கள் பக்கத்தில் நின்றன. 100 கிலோ அளவில் பிறக்கும் அந்தக் குட்டிக்குத் துதிக்கையை என்ன செய்வது என்று முதலில் தெரியாது. தாயின் முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும் மடியில் வாயால்தான் பால் குடிக்கும். அதைப் பார்த்து வளர்ந்த இளம் பெண் யானைகள் தம் முறை வரும்போது பயப்படுவதில்லை. தாய்மையும் கூட்டத்தில் இருந்து பழகுவதுதான். பிரசவத்துக்கு உம்மா வீட்டுக்கு வந்து, மூத்த பெண்கள் சூழ இருக்கும் வழக்கமுள்ள நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கூட்டம் இல்லாவிட்டால் அதே வேலைக்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதற்கும் பின்னவல யானை ஒன்றின் கதை இருக்கிறது. சாந்தி என்ற குட்டியை 1976இல் இலங்கைச் சிறுவர்களின் அன்பளிப்பாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். வொஷிங்டன் தேசிய மிருகக்காட்சிசாலையில் வளர்ந்தது. அதைச் சினையாக்க, இரத்தத்தில் ஹோர்மோன் ஏறி இறங்குவதைத் தொடர்ந்து அளந்தார்கள். பெண் யானையில் முட்டை வெளியாகும் முன் ஒரு ஹோர்மோன் மூன்று கிழமை இடைவெளியில் இரண்டு தடவை உயரும். இரண்டாவது உயர்வில்தான் முட்டை வெளிவரும். அந்த நாளைப் பிடித்து, செயற்கை முறையில் விந்தைச் செலுத்தினார்கள். 2001 நவம்பர் 25இல் ஆண் குட்டி பிறந்தது. துட்டகைமுனுவின் யானையின் பெயரையே வைத்தார்கள், கண்டுல. ஆய்வுகூடமும் நிபுணர்களும் அங்கே எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்த அந்த ஒரு நாளை, மகா ஓயாக் கரையில் ஓர் ஆண் யானை துதிக்கை நுனியால் கண்டுபிடித்துவிடும். பக்கத்தில் இருக்க விட்டால் போதும்.

2021 ஆகஸ்ட் 31இல் பின்னவலயில் இன்னுமொரு செய்தி. சுரங்கி என்ற 25 வயதுத் தாய்க்கு இரட்டைக் குட்டி, இரண்டும் ஆண். தகப்பன் பாண்டு, 17 வயது. இலங்கையில் 1941க்குப் பிறகு இரட்டைக் குட்டி பிறந்தது அதுதான் முதல் தடவை என்றார்கள். கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த காலம், கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்படாத பிள்ளை நம் வகுப்பில் இல்லை.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. பின்னவலயில் பிறந்த குட்டி காட்டைப் பார்த்ததில்லை. அங்கேயும் வளர்ந்த ஆண்களைச் சங்கிலியில் காண்கிறோம். பிறப்பு வேறு, விடுதலை வேறு. பிறந்த குட்டிகள் யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்கும் நாட்டில் ஒரே பதில் இல்லை. விகாரைகளும் ஊர்வலங்களும் யானை குறைகிறது என்கின்றன. விலங்கு நேயர்கள் காட்டைக் காட்டுகிறார்கள்.

இந்த இழுபறிக்கு நடுவில் மிக மோசமான ஒன்றும் நடந்தது. காட்டிலிருந்து குட்டிகளைத் திருடி, போலிப் பதிவுப் பத்திரம் செய்து, வளர்ப்பில் பிறந்தவை என்று காட்டிய விவகாரம். நீதிமன்றம்வரை போன கதை அது. வளர்ப்பில் பிறந்தது என்ற பொய் செல்லுபடியானதே, வளர்ப்பிலும் பிறக்கலாம் என்று பின்னவல நிரூபித்ததால்தான். ஒரு நல்ல உண்மை திருட்டுக்குப் போர்வையாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் வளர்ப்பு யானைகள் பற்றிப் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. ஒவ்வொரு யானைக்கும் அடையாளப் பதிவு வேண்டும், தினமும் இரண்டரை மணி நேரம் குளிக்க விட வேண்டும், குட்டியை வேலைக்கு எடுக்கக் கூடாது, தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது என்கின்றன அவை. எழுதிய சட்டம் நல்ல சட்டம். நடைமுறைக்குக் காவல் நம் எல்லோருடைய கண்ணும்தான்.

நமது பிள்ளைகள் குர்ஆன் ஓதத் தொடங்கும் காலத்திலேயே மனனமிடும் சிறு சூராக்களில் ஒன்று ஸூறதுல் ஃபீல். பெருமானார் (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டே யானை ஆண்டு என்று அழைக்கப்பட்டது. யானை நமக்கு அந்நியமான விலங்கல்ல. அதோடு அபூதாவூதில் பதிவான ஒரு ஹதீஸையும் சேர்த்து நினைக்கிறோம். பயணத்தில் தோழர்கள் ஒரு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிடுகிறார்கள். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவிக்கிறது. அதைக் கண்ட நபிகளார், குஞ்சுகளை எடுத்து இதைத் துன்பப்படுத்தியது யார் என்று கேட்டு, அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

உமறு லெப்பைப் பணிக்கர் காலத்தில் யானை பிடிப்பது சட்டப்படியான தொழில். அரசே ஏற்றுக்கொண்ட தொழில். அவரை இன்றைய தராசில் வைத்துக் குற்றம் சொல்வது நீதியல்ல. அவருடைய வீரத்தையும் காட்டறிவையும் நாம் மறக்கவும் கூடாது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று இன்று நமக்குத் தெரியும். ஒரு குட்டியை எடுத்தால், அந்த இடத்தை நிரப்ப அந்தத் தாய்க்கு இன்னும் நாலு, ஐந்து வருடம் வேண்டும் என்பது தெரியும். தெரிந்தவர்களுக்குப் பொறுப்பு கூட.

அந்தப் பிள்ளைக்கு அடுத்த கிழமை இப்படித்தான் பதில் சொன்னோம்: "மகன், சிலது காட்டில பிறந்தது, சிலது பின்னவலயில பிறந்தது. எங்க பிறந்தாலும் அதுக்கு ஒரு உம்மா இருந்திச்சு."

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமது ஊர்களில் எண்பது வயது தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மரம் இழுத்த யானைகள், ராஜாவைப் பார்த்த நாட்கள், கிழக்கிலிருந்து யானையோடு நடந்து வந்தவர்கள், தாவளம் போன மூதாதையர் பற்றி அவர்களிடம் நினைவுகள் இருக்கும். ஏறாவூரில் உறவு உள்ளவர்கள் பணிக்கர் குடும்பங்களின் கதைகளைக் கேட்கலாம். கேட்டதைக் கீழே எழுதுங்கள். பிழையாக நாம் எழுதியது எதுவும் இருந்தால் திருத்துங்கள். பிள்ளைகளுக்காக ஒரு கொப்பியில் சேர்த்து எழுதி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.